கோலை விட்டு வந்தவள்

கோயிலில் பூசை முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு நிற்கும்போது, பெண்களின் கதை எங்கே தொடங்கினாலும் பிள்ளைகளில்தான் வந்து நிற்கும். ஒருவரின் மகன் டொக்டர். ஒருவரின் மருமகள் பேங்கில். என் முறை வரும்போது நான் அவசரப்பட மாட்டேன். வாயில் போட்ட கடலையை மென்று முடித்த பிறகுதான் சொல்லுவேன்.

"என்ரை மகள் கோல் கீப்பர்."

"அதொரு வேலையோ அக்கா?" என்று புதிதாக வந்த ஒரு பெண் கேட்டாள்.

"வேலை பென்ரோஸ் பக்கம். சாமான் ஏத்தி இறக்கிற கொம்பனியில சூப்பர்வைசர். கோல் கீப்பர் எண்டது அவள்."

நான் பெருமை பேசுகிறவள்தான். மறைத்து என்ன செய்ய? ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன்; ஒரு பக்கம் முடிய ஒரு பின்னேரம் போகும். போகட்டும். பெருமைப்பட என்னிடம் ஒரு விஷயம் இருக்கிறது, அதை ஆறுதலாகவே சொல்லுகிறேன்.

ஐஸ் ஹொக்கி என்பது பனித்தரையில் சறுக்கிக்கொண்டு ஆடுகிற ஆட்டம். பந்து இல்லை. கறுப்பு ரப்பரில் ஒரு வட்டு. கையில் வளைந்த தடியோடு ஒரு பக்கத்தில் ஐந்து பேர் ஓடுவார்கள், ஆறாவது ஆள் வலைக்கு முன்னால் நிற்பாள். அந்த ஆறாவது ஆள் என் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு நாள் பனித்தரைக்குக் கூட்டிப் போனார்கள். போனவள் முழுதாகத் திரும்பி வரவில்லை. மனதில் பாதியை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.

கோல் கீப்பருக்குக் காலில் கட்ட இரண்டு பெரிய மெத்தைகள் இருக்கின்றன. ஆட்டம் முடிந்து வந்தால் வியர்வையில் ஊறி, கருவாட்டுக் கடையைத் தோற்கடிக்கிற மணம். மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வீட்டுப் பின்வளவில் உடுப்புக் கொடியில் அவற்றை நான்தான் காயப் போடுவேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நாய்க்குப் படுக்கையோ என்று கேட்டார். நான் என் இங்கிலீசில் சொன்னேன், "நோ டோக். டோட்டர்." நாய்க்கில்லை, மகளுக்கு. அன்றிலிருந்து அவரும் ஆட்டம் எப்போது என்று கேட்பார்.

கனடாவில் இந்த ஆட்டம் தொழில். அங்கே ஆடுகிறவர்களுக்குச் சம்பளம், பெயர், பெரிய வீடு எல்லாம் உண்டு. இங்கே, வடக்கும் தெற்குமாக இரண்டு தீவாகக் கிடக்கிற இந்த நாட்டில், பெண்கள் அணியில் யாருக்கும் ஒரு சதமும் இல்லை. ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி நர்ஸ், கோச் பகலில் குழாய் வேலை செய்கிற பெரிய தாடிக்காரர். ஆனாலும் இது நாட்டின் பெரிய போட்டி. கோடை முழுக்க நாலு ஊர் அணிகள் மாறி மாறி மோதும். புள்ளிக் கணக்கில் முதல் இரண்டு இடத்துக்கு வருகிறவர்கள் மட்டும் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். மற்ற இரண்டு அணியும் சறுக்குச் சப்பாத்தைக் கழற்றி வைக்கவேண்டியதுதான்.

என் மகள் சேர்ந்த காலத்திலிருந்து எங்கள் அணி ஒரு தடவைகூட அந்த இரண்டுக்குள் வரவில்லை. மூன்றாவதாக வந்து வந்தே அவளுக்கு முப்பது வயதும் தாண்டிவிட்டது. அந்தக் கோடையின் தொடக்கத்தில் முழங்காலைப் பார்த்த டொக்டர், இந்த முறையோடு போதும் என்று சொல்லிவிட்டார். கோல் கீப்பர் ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை முழங்காலில் விழுந்து எழும்புகிறாள் என்று பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. அவள் அழவில்லை. காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "தென் திஸ் இயர், அம்மா," என்றாள். அப்ப இந்த வருசம்தான். அவ்வளவுதான் சொன்னாள்.

கடைசி ஆட்டம் வந்தபோது நிலைமை இப்படி இருந்தது. முதல் இடத்தை ஒரு அணி எப்போதோ பிடித்துவிட்டது. இரண்டாம் இடத்தில் தெற்குத் தீவுப் பெண்கள். அவர்கள் தங்கள் ஆட்டங்களை எல்லாம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அவர்களைவிட இரண்டு புள்ளி குறைவு, ஆனால் ஒரு ஆட்டம் மிச்சம். வென்றால் மூன்று புள்ளி. மூன்று கிடைத்தால் ஒரு புள்ளியால் தாண்டிவிடலாம். புள்ளி சமமாக நின்றால் காணாது. சமமென்றால் இரண்டு அணியும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைப் பார்ப்பார்களாம், அதில் தெற்குக்காரிகள் எங்களைக் கூடுதலான தடவை தோற்கடித்திருந்தார்கள்.

இதெல்லாம் அதற்கு முந்திய வாரம் மகள் வாயிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு அவள் வாய் மூடிவிட்டது. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான ஆட்டம் நெருங்கினால் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்க மாட்டாள், வீட்டில் மற்றவர்களும் கதைக்கக் கூடாது. கோல் கீப்பர்கள் எல்லோருக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்குமாம். நானும் அந்த வழக்கத்தை மீறவில்லை. புட்டும் முட்டைப் பொரியலும் வைத்துக் கொடுப்பேன், முகமூடியின் உட்பக்கத்தில் திருநீறு பூசி வைப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். கதைக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவளிடம் கேட்க முடியாததால் ரொறொன்ரோவில் இருக்கும் என் தங்கச்சியிடம் கேட்டேன். ஐஸ் ஹொக்கி என்றால் கனடாவில் இருக்கிற தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்பது அவளுடைய எண்ணம். பங்குனி மாதம் வந்தால் அவள் வீட்டில் சோறு வேகுதோ இல்லையோ, யார் பிளேஓஃப் என்ற இறுதிச் சுற்றுக்குப் போகிறார்கள் என்ற கணக்கு வேகும்.

"அக்கா, கேளன். இங்கை முப்பதுக்கு மேல டீம். நாலு பிரிவு, பிரிவுக்கு முதல் மூண்டு பேர் நேரா உள்ளுக்கை. மிச்ச ஆக்களில புள்ளி கூடின ரெண்டு பேர் கிழக்கில, ரெண்டு பேர் மேற்கில. எல்லாமாப் பதினாறு. நாங்கள் வெண்டால் மட்டும் காணாது, மற்றவன் தோக்கவும் வேணும். இவர் மற்றவன் தோக்கவேணுமெண்டு விளக்கு ஏத்துறார்."

"அது பாவமடி."

"பாவமோ? நீ வந்து பார், ஊரே ஏத்துது."

"அதை விடு. எங்கட பிள்ளையின்ர ஆட்டம் நேரம் முடியேக்கை சமமா நிண்டால் என்ன செய்வினம்?"

"மேலதிக நேரம் குடுப்பினம். அதில முதல் கோல் அடிக்கிறவன் வெண்டான்."

"அப்ப அதுக்கும் அதே புள்ளியோ?"

"ஓம் அக்கா, வெற்றி எண்டால் வெற்றிதானே. எப்ப வெண்டாலும் அதே புள்ளிதான். தோத்தவனுக்குக்கூட ஒண்டு கிடைக்கும். நீ பயப்படாதை. சமமா வந்தாலும் மேலதிக நேரத்தில பாத்துக்கொள்ளலாம். உன்ரை மகள், என்ரை பெறாமகள், கோலுக்குள்ள நிக்கிறாள், பிறகென்ன?"

எனக்கு மனம் ஆறியது. கனடாக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். பிள்ளையாரிடம் போய், தெற்குக்காரிகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், என் பிள்ளைக்காக மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நல்ல வெயில். தெருவெல்லாம் அரைக்காற்சட்டையோடு ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு சனம் போகிறது. நானும் என் சிநேகிதியும் கம்பளிக் கோட்டும் போர்வையும் சுமந்துகொண்டு காரில் ஏறுகிறோம். சிநேகிதி மலேசியாக்காரி, இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள், அவளுடைய காரில்தான் எல்லா ஆட்டத்துக்கும் போவோம்.

"அக்கா, பாக்கிறவங்க நம்மள பைத்தியம்னு நெனைப்பாங்க லா," என்றாள்.

"நினைக்கட்டும். உள்ள வந்து பார்த்தால் தெரியும்."

உள்ளே போனால் மூக்கு நுனி மரத்துப்போகும். எங்களுக்கு எப்போதும் ஒரே இடம்தான், எங்கள் அணி உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்பை ஒட்டி. தங்கச்சி கைபேசியில் வீடியோவில் வந்தாள். அவளுக்கு அங்கே முதல் நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். கையில் ரொட்டித் துண்டு. கைபேசியைக் கண்ணாடியில் பிடித்துக் காட்டும் வேலை சிநேகிதிக்கு.

என் பிள்ளை பனித்தரையில் இறங்கி வலைக்குப் போனாள். போனதும் தடியால் இடப்பக்கக் கம்பத்தில் ஒரு தட்டு, வலப்பக்கக் கம்பத்தில் ஒரு தட்டு. கோயில் வாசற்படியைத் தொட்டுக் கும்பிடுவது போலத்தான் எனக்கு அது தெரியும். யாரிடம் பழகினாள் என்று நான் கேட்டதில்லை.

ஆட்டம் மூன்று பகுதி. எதிரணிக்கு இந்த ஆட்டத்தில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை, இருந்தாலும் விட்டுத் தரவில்லை. முதல் அவர்கள் அடித்தார்கள். பிறகு நாங்கள். பிறகு நாங்கள், பிறகு அவர்கள். இரண்டுக்கு இரண்டு. இடையில் அவர்களின் உயரமான ஒருத்தி தனியாக வட்டைக் கொண்டு வந்து, வலப்பக்கம் அடிப்பதுபோல் காட்டி இடப்பக்கம் திருப்பினாள். என் பிள்ளை அந்த முழங்காலிலேயே விழுந்து, காலை நீட்டி, மெத்தையின் நுனியால் தட்டிவிட்டாள். தங்கச்சி ரொறொன்ரோவிலிருந்து போட்ட கூச்சலில் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சித்தி கத்துறா," என்று சிநேகிதி அவருக்குத் தமிழிலேயே விளக்கம் சொன்னாள்.

கடைசிப் பகுதியும் முடியப்போகிறது. இன்னும் சமம். நான் பதறவில்லை. சமமாக முடியட்டும், மேலதிக நேரம் இருக்கிறது, என் பிள்ளை கோலுக்குள் நிற்கிறாள் என்று போர்வையை இழுத்துப் போர்த்தினேன். மேலே மணிக்கூட்டில் இரண்டு நிமிடமும் இல்லை.

அப்போதுதான் கோச் கையைத் தூக்கி என் மகளை வரச்சொல்லிக் காட்டினார்.

அவள் வலையை விட்டுவிட்டு ஓடி வருகிறாள். அத்தனை பெரிய மெத்தைகளோடு, தலையைக் குனிந்துகொண்டு, முழு வேகத்தில் பெஞ்சை நோக்கி வருகிறாள். அவள் வந்து சேர, பெஞ்சிலிருந்து வேறொருத்தி பாய்ந்து இறங்கித் தாக்கப் போகிறாள். அங்கே வலை வெறுமையாக, கதவு திறந்த வீடு மாதிரிக் கிடக்கிறது.

தோற்கும்போது இப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு ஆளைக் கூட்டித் தாக்க, கோல் கீப்பரை எடுப்பார்கள். கனடாவிலும் அப்படித்தான். ஆனால் நாங்கள் தோற்கவில்லையே! சமமாக நிற்கும்போது எந்த மனுசன் கோல் கீப்பரை எடுப்பான்? அதுவும் இந்தப் பிள்ளையை, அவளுடைய கடைசி ஆட்டமாக இருக்கக்கூடிய ஆட்டத்தில்?

"அக்கா! அவனுக்கு விசரோ?" கைபேசிக்குள் இருந்து தங்கச்சி. "மேலதிக நேரத்துக்கு விடவேண்டியதுதானே! ஏன் பிள்ளையை எடுக்கிறான்?"

நான் எழும்பிவிட்டேன். போர்வை எங்கே விழுந்தது தெரியாது. கண்ணாடியில் உள்ளங்கையால் அடித்தேன்.

"ஏய் தாடி! என்ரை பிள்ளை என்ன பிழை விட்டவள்? அந்தக் கோல் அவளாலயோ விழுந்தது? திருப்பி அனுப்பு அவளை! அனுப்படா!"

"அக்கா, அக்கா, கத்தாதீங்க, எல்லாரும் பாக்கிறாங்க," என்று சிநேகிதி கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"பார்க்கட்டும்!"

தாடிக்காரர் திரும்பவில்லை. திரும்பியது என் மகள். பெஞ்சுக் கதவடியில் நின்றவள் முகமூடியைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, கண்ணாடி முடிகிற இடைவெளிக்கு எட்டி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. ஆட்ட நாளில் வாய் திறக்காத பிள்ளை. வீட்டில் நான் எதைக் கேட்டாலும் இங்கிலீசில் பதில் சொல்கிற பிள்ளை. அன்றைக்கு நல்ல தமிழில் சொன்னாள்.

"அம்மா, இருங்கோ. அவர் என்னை எடுக்கேல்லை. நான்தான் கேட்டனான்."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"ஓவர்டைமில வெண்டால் இங்கை ரெண்டு புள்ளிதான். மூண்டு இல்லை. ரெண்டு காணாது அம்மா. இப்பவே அடிக்கோணும்."

சொல்லிவிட்டு ஆட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டாள்.

நான் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தேன். இரண்டு கிடைத்தால் தெற்குக்காரிகளோடு சமம். சமமென்றால் அவர்கள்தான் போவார்கள். என் தங்கச்சி சொன்னது கனடாவின் கணக்கு. இங்கே நேரத்துக்குள் வென்றால்தான் மூன்று. மேலதிக நேரத்தில் என் பிள்ளை உலகத்தில் இல்லாத மாதிரிப் பிடித்து வென்று தந்தாலும், அவள் சப்பாத்தைக் கழற்றி வைக்கவேண்டியதுதான். நான் மனம் ஆறி இருந்த ஒரு வாரமும் அவள் இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு புட்டுச் சாப்பிட்டிருக்கிறாள்.

"எடி," என்றேன் கைபேசியைப் பார்த்து. "இங்கை மேலதிக நேரத்துக்கு ரெண்டாமடி."

அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். பிறகு மெல்லிய குரலில், "இங்கை அப்படி இல்லை அக்கா..." என்றாள்.

"இது இங்கை. நீ ரொட்டியைச் சாப்பிடு."

எங்கள் பிள்ளைகள் ஆறு பேராகச் சூழ்ந்து தாக்கினார்கள். வட்டு நழுவியது. எதிரணியின் அந்த உயரமானவள்தான் எடுத்தாள். தன் பக்கத்திலிருந்தே, வெறும் வலையைப் பார்த்து, நீளமாக அடித்துவிட்டாள். அந்த வட்டு போன வேகம் என் கண்ணுக்குள் இன்னும் நிற்கிறது. அவ்வளவு பெரிய தரை, யாரும் இல்லை, கறுப்பாக அது மட்டும் போகிறது. என் மகள் பெஞ்சுக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தன் வலைக்குள் வட்டு போவதை ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு கோல் கீப்பருக்கு எப்படி இருக்கும்? ஆனால் அவள் கண்ணை மூடவில்லை. நான் பார்த்தேன். நான்தான் மூடினேன்.

"வெளிய! வெளிய போச்சுக்கா!" சிநேகிதி என் தோளைப் போட்டு உலுக்கினாள்.

கம்பத்துக்கு ஒரு சாண் வெளியே போய்ச் சுவரில் மோதியதாம். தன் பக்கத்திலிருந்து அப்படி அடித்து வலைக்குள் போகாவிட்டால் அது குற்றம். ஆட்டத்தை நிறுத்தி, அடித்தவர்களின் வாசலடிக்கே வட்டைத் திரும்பக் கொண்டுபோவார்கள். அடித்த அணி களைத்திருந்தாலும் ஆளை மாற்ற விடமாட்டார்கள். எங்கள் பெண்கள் புது ஆட்களாக இறங்கினார்கள். எதிரணி முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. என் மகள் கதவைத் தட்டித் தட்டி ஏதோ கத்தினாள். வட்டை இரண்டு அணியின் ஆளுக்கும் நடுவில் போட்டார்கள். எங்களுடைய ஆள் பின்னுக்கு இழுத்தாள், ஆசிரியை அடித்தாள், யாரோ காலில் பட்டது, வலைக்கு முன்னால் ஒரே குவியல். அந்தக் குவியலுக்குள் நர்ஸ் தடியை விட்டுத் தள்ளினாள்.

வலைக்குப் பின்னால் கோல் என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

என்ன கத்தினேன் என்று தெரியாது. சிநேகிதி என்னைக் கட்டிப் பிடித்துக் குதித்தாள். அவளுடைய கையிலிருந்த கைபேசிக்குள் தங்கச்சி கூரையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன நடந்தது? அக்கா! யாரடி அடிச்சது?" என்று கதறிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்து நிற்க, என் பிள்ளை நிற்கவில்லை. முகமூடியை இறக்கிக்கொண்டு நேரே வலைக்குப் போய்விட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் மிச்சம் இருந்தது. போனதும் இடப்பக்கக் கம்பத்தில் ஒரு தட்டு, வலப்பக்கக் கம்பத்தில் ஒரு தட்டு. அந்தச் சத்தம் இத்தனை கூச்சலுக்குள்ளும் எனக்குக் கேட்டது. கடைசியில் ஒரே ஒரு அடி அவள் பக்கம் வந்தது, பெரிய அடியும் இல்லை. கையுறைக்குள் பொத்திக்கொண்டு அதன்மேல் படுத்துவிட்டாள். மணி அடித்த பிறகும் உடனே எழும்பவில்லை.

வெளியே வரும் வழியில் தாடிக்காரர் என்னைக் கண்டார். சிரித்துக்கொண்டு மகளிடம் ஏதோ கேட்டார். அவளும் ஏதோ சொன்னாள். அவர் என் கையைப் பிடித்து, நன்றி நன்றி என்று குலுக்கிவிட்டுப் போனார்.

"என்னவாம்?"

"நீங்கள் கண்ணாடியில அடிச்சு என்ன சொன்னனீங்கள் எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனீ?"

"அம்மா எங்களுக்காகப் பிரே பண்ணினவா எண்டு சொன்னனான்."

அவள் சிரிக்க நானும் சிரித்தேன். பிறகு கேட்டேன், அது வலைக்குள் போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று. அவள் தோளைக் குலுக்கினாள். "நான் உள்ள நிண்டு சமமா முடிஞ்சாலும் நாங்கள் அவுட் தானே அம்மா," என்றாள். அதற்குப் பிறகு இங்கிலீசுக்குத் திரும்பிவிட்டாள்.

இறுதிப் போட்டிக்குப் போனோம். அதில் தோற்றோம், அதையும் சொல்லத்தான் வேண்டும். நல்ல அணியிடம் நேராகத் தோற்றோம். அவள் கழுத்தில் வெள்ளிப் பதக்கத்தோடு வந்து நின்றாள். முழங்காலில் ஐஸ் பை கட்டியிருந்தது. இனி ஆட்டம் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் மூன்றாவதாக வந்து முடிக்கவில்லை. பதக்கம் என் சாமி அறையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

ரொறொன்ரோவில் தங்கச்சி இந்தக் கதையைச் சொல்லும்போது, மூன்று புள்ளிக் கணக்கைத் தானே எனக்கு விளக்கியதுபோலச் சொல்லித் திரிகிறாளாம். சொல்லட்டும். பெறாமகள்தானே.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் அந்தப் புதுப் பெண் திரும்பவும் என்னிடம் வந்தாள். படம் பார்த்தாளாம், பதக்கத்தோடு என் மகள் நிற்கிற படம்.

"அக்கா, நீங்கள் சொன்ன கோல் கீப்பர் மகள்! பதக்கம் கிடைக்கப் பெரிசா ஏதாவது பிடிச்சவவோ?"

"பிடிச்சவள். ஆனால் பெரிசு அதில்லை. கோலை விட்டிட்டு ஓடி வந்தவள்."

"விட்டிட்டு வந்ததோ?" அவள் முகத்தில் ஒன்றும் விளங்காத பார்வை. "அதில என்ன அக்கா பெருமை?"

நான் அவசரப்படவில்லை. வாயில் இருந்த கடலையை மென்று முடித்தேன். பக்கத்தில் இடம் ஒதுக்கி அவளை உட்காரச் சொன்னேன்.

"இரு பிள்ளை, சொல்லுறன். இங்கை நேரத்துக்குள்ள வெண்டால் மூண்டு புள்ளி..."